சைட்டேஷன் 279, ஹெச்-இண்டெக்ஸ் 7: அப்படியென்றால் என்ன?

ஒரு விஞ்ஞானியின் கூகுள் ஸ்காலர் பக்கத்தைத் திறந்தால் வலது பக்க ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் மூன்றே வரி: மொத்த சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள், ஒன்று வாழ்நாள் கணக்கு, இன்னொன்று கடைசி ஐந்து வருடத்துக்கானது. அதன் கீழே வருடவாரியாகச் சாம்பல் நிறக் கம்பங்கள். பிஹெச்டி சேர கைடு தேடும் மாணவர், வேலைக்கு ஆள் எடுக்கும் கமிட்டி, பக்கத்து லேபில் இருக்கும் பொறாமைக்காரர், எல்லாரும் முதலில் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான். கட்டுரையைப் படிப்பது அப்புறம். பல நேரம் அந்த அப்புறம் வருவதே இல்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று புதிதாகக் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாவர அறிவியல், உணவு அறிவியல் ஆட்களையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது: இவர்கள் வேலையில் பாதி ஆய்விதழில் முடியும், மீதிப் பாதி வயலிலும் அடுப்படியிலும் போய் முடியும். எண்ணுகிற இயந்திரத்துக்கு முதல் பாதி மட்டும்தான் தெரியும்.

சைட்டேஷன் என்றால் மேற்கோள். ஆனால் பட்டிமன்றத்தில் குறளை மேற்கோள் காட்டுவது மாதிரி இல்லை இது. அங்கே சொன்னால் கைதட்டல் வரும், இங்கே சொல்லாவிட்டால் கட்டுரை திரும்பி வரும். ஒரு மாணவி நெல் நாற்றுகளுக்கு உப்புத் தண்ணீர் விட்டு, இலையில் பச்சையம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையை எடை போட்டு, கல்வத்தில் 80 சதவீத அசிட்டோன் விட்டு அரைத்து, வடிகட்டி, அந்தப் பச்சைச் சாற்றை நிறமாலைமானியில் வைத்து 645, 663 நானோமீட்டரில் இரண்டு ரீடிங் எடுக்கிறார். கட்டுரையில் "பச்சையம் ஆர்னான் முறைப்படி அளக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி, கடைசிப் பட்டியலில் ஆர்னானின் 1949-ஆம் வருடக் கட்டுரையைச் சேர்க்கிறார். அவ்வளவுதான், ஆர்னான் கணக்கில் ஒன்று ஏறிவிட்டது. டேனியல் ஆர்னான் 1994-லேயே காலமாகிவிட்டார், கணக்கு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

கவனியுங்கள், அந்த மாணவி ஆர்னானைப் பாராட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அநேகமாக அந்தக் கட்டுரையைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார், சீனியர் தீசிஸில் இருந்த வரியை அப்படியே எடுத்திருப்பார். (எல்லாரும் செய்வதுதான், யாரும் ஒத்துக்கொள்வதில்லை.) பாராட்டோ திட்டோ சம்பிரதாயமோ, எல்லாம் ஒரே ஒன்றாகத்தான் எண்ணப்படும்.

இப்படி எண்ணும் யோசனையே வக்கீல்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் 1873 முதல் ஷெப்பர்ட்ஸ் என்றொரு அட்டவணை உண்டு. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று அதில் தேடிப் பார்க்கலாம். ஃபிலடெல்ஃபியாவில் இருந்த யூஜீன் கார்ஃபீல்டு இதைப் பார்த்துவிட்டு, அறிவியலுக்கும் இப்படி ஒன்று செய்தால் என்ன என்று 1955-ல் எழுதினார், 1964-ல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்று வெளியிட்டும்விட்டார். அவர் மனதில் இருந்தது முதலில் தேடல்தான், தரவரிசை இல்லை: ஒரு நல்ல கட்டுரை கையில் இருந்தால் அதைப் பயன்படுத்தியவர்களைப் பிடித்துக்கொண்டே இன்றைய தேதிவரை நடந்து வந்துவிடலாம். ஆனால் வக்கீல்களின் அட்டவணையில் ஒரு முக்கியமான சங்கதி இருந்தது. பின்னால் வந்த தீர்ப்பு பழையதை ஏற்றதா, தள்ளிவிட்டதா என்று பக்கத்தில் ஒரு குறி போட்டிருப்பார்கள். அறிவியலுக்கு வந்தபோது அந்தக் குறி வழியில் விழுந்துவிட்டது, எண்ணிக்கை மட்டும் வந்து சேர்ந்தது. பாதித் தொல்லைக்கு மூலம் இதுதான் என்பேன்.

இப்போது எண்ணுபவர்கள் முக்கியமாக மூன்று பேர். கார்ஃபீல்டின் அட்டவணை வளர்ந்து வெப் ஆஃப் சயின்ஸ் ஆயிற்று, இன்று அது கிளாரிவேட் நிறுவனத்திடம் இருக்கிறது. எல்சேவியர் பதிப்பகத்தின் ஸ்கோபஸ் 2004-ல் வந்தது, கூகுள் ஸ்காலரும் அதே வருடம். முதல் இரண்டும் பெரும்பாலும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களைத்தான் எண்ணும். ஸ்காலர் அப்படி இல்லை, தீசிஸ், மாநாட்டுத் தொகுப்பு, பல்கலைக்கழகத் தளத்தில் கிடக்கும் பிடிஎஃப் என்று கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொள்ளும். அதனால் ஒரே ஆளுக்கு மூன்று எண் வரும், ஸ்காலர் எண்தான் பெரும்பாலும் பெரிதாக இருக்கும், பயோடேட்டாவில் எந்த எண்ணைப் போடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வேளாண் ஆராய்ச்சியில் இந்த வித்தியாசம் கூடுதலாகவே உறைக்கும், ஏனென்றால் ஒரு மாவட்டத்து மண்ணுக்கு எவ்வளவு துத்தநாகம் போடலாம் என்ற கட்டுரை உள்நாட்டு இதழில்தான் வரும், அந்த இதழ் மற்ற இரண்டின் பட்டியலில் இல்லாமலே போகலாம்.

சரி, ஹெச்-இண்டெக்ஸுக்கு வருவோம். 2005-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் இருக்கும் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. முருங்கைக்கீரையை ஆராயும் ஒரு பேராசிரியையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றும் பெற்ற மேற்கோளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் 140, 62, 31, 18, 9, 8, 7, 3, 1, 0. கூட்டினால் 279. இப்போது மேலிருந்து ஒன்று, இரண்டு என்று விரல் விட்டுக்கொண்டே வாருங்கள். முதல் கட்டுரைக்குக் குறைந்தது 1 இருக்கிறதா, இருக்கிறது. நான்காவதற்குக் குறைந்தது 4 இருக்கிறதா, 18 இருக்கிறது. ஏழாவதற்கு 7 வேண்டும், சரியாக 7 இருக்கிறது. எட்டாவதற்கு 8 வேண்டும், 3-தான் இருக்கிறது. நின்றுவிட்டோம். ஹெச்-இண்டெக்ஸ் 7. ஐ10 என்பது இன்னும் எளிது, பத்தோ அதற்கு மேலோ வாங்கிய கட்டுரைகள் எத்தனை என்பதுதான், இங்கே 4.

இந்தக் கணக்கின் அழகு என்னவென்றால் ஒரே ஒரு கட்டுரை அடித்துக்கொண்டு போனாலும் இது அசையாது. அந்த 140-ஐ 1,400 ஆக்கிப் பாருங்கள், மொத்தம் எங்கேயோ போய்விடும், ஹெச் அதே 7-தான். எழுதிக் குவித்தாலும் யாரும் சீந்தாவிட்டால் ஏறாது. ஆனால் இதை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்றும் அதே பட்டியலிலேயே தெரிகிறது. 7 எட்டாக வேண்டுமென்றால் ஏழாவது கட்டுரைக்கு ஒன்று, எட்டாவதற்கு ஐந்து, ஆக மொத்தம் ஆறே மேற்கோள் போதும். அடுத்து எழுதும் இரண்டு மூன்று கட்டுரைகளில் தன் பழைய கட்டுரைகளையே இடம் பார்த்துச் செருகிவிட்டால் முடிந்தது. தன்னைத் தானே மேற்கோள் காட்டுவது தப்பில்லை, பத்து வருடம் முருங்கையிலேயே வேலை செய்பவர் முந்தைய கட்டுரையைச் சொல்லாமல் அடுத்ததை எழுத முடியாது. இருந்தாலும் எது தேவைக்கு, எது கணக்குக்கு என்று எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, ஹெச் ஒருநாளும் இறங்காது. ஓய்வு பெற்று வீட்டில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாலும் ஏறும். ஆகவே முப்பது வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் ஹெச் வைத்து ஒப்பிடுவது வயதை ஒப்பிடுவதுதான்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. அதிகமாக மேற்கோள் பெறுபவை எவை? பெரிய கண்டுபிடிப்புகள் என்று நினைப்போம். இல்லை, செய்முறைகள்.

ஆர்னானையே பாருங்கள். அந்த 1949 கட்டுரை பச்சையத்தைப் பற்றியதே இல்லை. பீட்ரூட் குடும்பத்துக் கீரை ஒன்றின் பசுங்கணிகங்களில், அதாவது செல்லுக்குள் பச்சையம் இருக்கும் உறுப்புகளில், செம்பு கொண்ட நொதிகள் இருக்கின்றனவா என்பதுதான் அதன் கேள்வி, தலைப்பும் அதேதான். அந்த வேலைக்கு நடுவில் பச்சையத்தை அளக்க வேண்டியிருந்தது, அளந்த விதத்தைச் சூத்திரமாக எழுதி வைத்தார். செம்பை விட்டுவிட்டு உலகம் சூத்திரத்தை எடுத்துக்கொண்டது. 20.2, 8.02 என்ற அந்த இரண்டு எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் தாவரவியல் மாணவர்கள் இருக்கிறார்கள். இதில் வேடிக்கை இரண்டு. அந்தச் சூத்திரத்துக்கு அடிப்படையான அளவீடுகள் ஆர்னானுடையவை அல்ல, 1941-ல் மெக்கின்னி என்பவர் வெளியிட்டவை. 1989-ல் போரா என்பவரும் கூட்டாளிகளும் அந்த அளவீடுகளே துல்லியமில்லை என்று காட்டி, திருத்திய சூத்திரமும் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் பழையதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், பழகிவிட்டது.

ஆர்னானின் உண்மையான பெரிய வேலை வேறு. சூரிய ஒளியை வைத்துப் பசுங்கணிகம் தனியாகவே ஏடிபி என்ற செல்லின் சக்திப் பொருளைத் தயாரிக்கிறது என்று 1954-ல் அவரும் சகாக்களும் காட்டினார்கள். ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் நாம் படிப்பது அதைத்தான். ஆனால் பாடப்புத்தகத்துக்குள் போன விஷயத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதும்போது கோப்பர்நிக்கஸைப் பட்டியலில் போடுகிறோமா? ஒரு கண்டுபிடிப்பு முழுசாக ஜெயித்துவிட்டால் அதன் மேற்கோள் வற்றிப் போகும். கணக்குப் பார்த்தால் ஆர்னானின் அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரை அந்தக் கீரைக் கட்டுரைதான்.

உணவுப் பக்கமும் இதே கதை. கனடாவில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் மீன்வள ஆராய்ச்சி வாரியத்தில் இருந்த பிளை, டயர் என்ற இருவருக்கும் உறைய வைத்த காட் மீனில் கொழுப்பு எப்படிக் கெடுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு முதலில் கொழுப்பைச் சீக்கிரமாக வெளியே எடுக்க வேண்டும். 100 கிராம் மீன் சதைக்கு 100 மில்லி குளோரோஃபார்ம், 200 மில்லி மெத்தனால் விட்டு இரண்டு நிமிடம் அரை, இன்னும் 100 மில்லி குளோரோஃபார்ம், பிறகு 100 மில்லி தண்ணீர், வடிகட்டி நிற்கவிட்டால் அடியில் தங்கும் குளோரோஃபார்மில் கொழுப்பு மொத்தமும் வந்துவிடும். 1959-ல் வந்த இந்தச் சமையல் குறிப்பு (அப்படித்தான் சொல்ல வேண்டும்) இன்று பாசி, மூளைத் திசு, தேங்காய் என்று எதில் கொழுப்பு எடுப்பவர்களும் மேற்கோள் காட்டுவது. ஒயினில் இருக்கும் ஃபீனால்களை அளக்க சிங்கிள்டனும் ரோஸியும் 1965-ல் கொடுத்த முறைதான் இன்று நெல்லிக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் நம் முருங்கைக்கும் ஓடுகிறது. இவற்றுக்கெல்லாம் தாத்தா, புரதம் அளக்க ஆலிவர் லௌரியும் சகாக்களும் 1951-ல் எழுதியது, மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள், எல்லாத் துறையிலும் சேர்த்து முதலிடம் பிடித்த கட்டுரை. தன்னுடைய சிறந்த வேலை அது இல்லை என்று லௌரிக்கே தெரியும், சொல்லியும் இருக்கிறார்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. விஸ்கான்சினில் முராஷிகே என்ற மாணவரும் அவர் கைடு ஸ்கூகும் புகையிலைத் திசுவை வளர்க்கும்போது, இலைச்சாறு விட்டால் திசு வேகமாக வளர்வதைக் கண்டார்கள். சாற்றில் ஏதோ மாய வஸ்து இருக்கும் என்று தேடிப் போனால், பெரும்பங்கு வேலையைச் செய்தது அதிலிருந்த சாதாரண உப்புகள்தான். அந்த உப்புகளின் அளவைச் சரிசெய்து 1962-ல் வெளியிட்ட வளர்ப்பு ஊடகம்தான் எம்எஸ் மீடியம். இன்று தோட்டத்துக்கு வாங்கி வரும் திசு வளர்ப்பு வாழைக்கன்று கண்ணாடிக் குப்பிக்குள் குடித்து வளர்ந்தது பெரும்பாலும் அதையோ அதன் மாற்று வடிவத்தையோதான். இங்கே மேற்கோள் எண்ணும் உண்மையான தாக்கமும் கைகோத்துப் போகின்றன. ஆக, எண் சொல்வது இதைத்தான்: கட்டுரை எழுதும் எத்தனை பேருக்கு இது கைக்கருவியாக உதவியது. அரிவாள்மனை மாதிரி. வீட்டில் அதிகமாகப் புழங்கும் சாமான் அதுதான், அதற்காக வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள் அதுதான் என்று யாரும் சொல்வதில்லை.

செய்முறைக்கு அடுத்தபடி மேற்கோளை அள்ளுவது ரிவ்யூ கட்டுரைகள், அதாவது மற்றவர்கள் கண்டுபிடித்ததைத் தொகுத்துச் சொல்பவை. முருங்கை பற்றி இருநூறு கட்டுரை இருக்கும்போது எல்லாவற்றையும் யார் தேடுவது, ஒரு ரிவ்யூவைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். உழைப்பு இருநூறு பேருடையது, மேற்கோள் தொகுத்தவருக்கு.

துறைக்குத் துறையும் எண் மாறும். செடியின் மரபணுவில் வேலை செய்பவர்கள் கூட்டம் பெரிது, கட்டுரைகளும் அதிகம், ஒவ்வொன்றின் பின்னாலும் நீளப் பட்டியல், அதனால் மேற்கோள் தாராளம். மலைக்காட்டில் புதுச் செடி கண்டுபிடித்துப் பெயர் வைக்கும் வகைப்பாட்டியல்காரருக்கு அந்தக் கூட்டம் கிடையாது. அவருக்கு நடக்கும் அநியாயம் ஒன்று உண்டு. முருங்கைக்கு அறிவியல் பெயர் எழுதும்போது மோரிங்கா ஒலிஃபெரா என்று எழுதி விட்டுவிட மாட்டார்கள், பின்னால் லாம். என்று ஒரு ஒட்டு இருக்கும். அது லாமார்க், ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து புகழ் லாமார்க்கேதான், அந்தப் பெயரைக் கொடுத்தவர். நெல்லுக்குப் பின்னால் வரும் எல். என்பது லின்னேயஸ், 1753. உலகத்தில் எழுதப்படும் நெல் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் லின்னேயஸ் பெயர் சுருங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அது ரெஃபரன்ஸ் பட்டியலில் வராததால் மேற்கோள் கணக்கில் பூஜ்யம். அவர்களுக்கு இனி வேலை தேட வேண்டியதில்லை, பரவாயில்லை. இன்று உயிரோடு இருந்து, பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் வகைப்பாட்டியல்காரருக்கும் இதே பூஜ்யம்தான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதே துறை, அதே வருடம், அதே வகைக் கட்டுரை, இவற்றின் உலகச் சராசரி எவ்வளவு என்று பார்த்து அதனால் வகுப்பார்கள். ஸ்கோபஸில் இப்படி வரும் எண் 1 என்றால் சராசரி, 2 என்றால் சராசரிக்கு இருமடங்கு. ஒன்பது மேற்கோள் வாங்கிய வகைப்பாட்டியல் கட்டுரை இந்த அளவில் முப்பது வாங்கிய மரபணுக் கட்டுரையை முந்திவிடலாம். வெறும் எண்ணுக்கு இது எவ்வளவோ மேல், ஆனால் எந்தத் துறைக் கூடையில் போடுவது என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. முருங்கை இலையின் இரும்புச்சத்து தாவரவியலா, உணவா, மருத்துவமா?

இம்பாக்ட் ஃபேக்டர் என்றும் ஒன்று காதில் விழுந்திருக்கும். அது ஆளுக்கு உரியதே இல்லை, இதழுக்கு உரியது. கடந்த இரண்டு வருடங்களில் ஓர் இதழ் வெளியிட்ட கட்டுரைகள் இந்த வருடம் சராசரியாக எத்தனை மேற்கோள் வாங்கின என்பதுதான். பேருந்தில் இருப்பவர்களின் சராசரி வயதைச் சொல்லி, அதில் வந்த ஒருவரின் வயது இதுதான் என்று சொல்வது போல, இதை வைத்துத் தனி மனிதரை எடை போடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடி ஓர் அறிக்கையே எழுதினார்கள். வேளாண்மைக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: இரண்டு வருடம் என்பது நமக்கு இரண்டு சம்பா. ஒருவர் கட்டுரையைப் படித்து, அடுத்த பருவத்தில் விதைத்து, இன்னொரு பருவம் சரிபார்த்து, எழுதி, அச்சில் வருவதற்குள் அந்த இரண்டு வருட ஜன்னல் மூடியிருக்கும்.

காலதாமதத்துக்குப் பெரிய சாட்சி மெண்டல். பட்டாணிச் செடிக் கட்டுரை 1866-ல் அச்சாயிற்று, 1900 வரை அதைச் சீண்டியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர் 1884-லேயே போய்விட்டார். அவர் உயிரோடிருந்த காலத்தில் ஸ்காலர் இருந்திருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எண் இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எண்ணுக்கே எட்டாத தாக்கம் ஒன்றைச் சொல்கிறேன். ஒடிசாவில் எஃப்ஆர்13ஏ என்றொரு பழைய நெல் ரகம், முழுசாக மூழ்கி இரண்டு வாரம் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை அடையாளம் கண்டு 2006-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள், அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் குவிந்தது, நியாயமாகவே. அந்த மரபணுவைச் சுவர்ணா ரகத்துக்குள் கொண்டுவந்த சுவர்ணா-சப்1 இந்தியாவில் 2009-ல் வெளிவந்தது. நம் டெல்டாவில் சாவித்திரி என்று சொல்லும் சிஆர் 1009-க்கும் சப்1 பதிப்பு வந்தது. நவம்பர் மழையில் வயல் மூழ்கி, பக்கத்து வயல் அழுகிப்போய், தன் வயல் மட்டும் பச்சை கட்டினால் விவசாயி என்ன செய்வார்? அடுத்த வருடமும் அதே விதையை வாங்குவார். மச்சானிடம் சொல்வார். கட்டுரை எழுத மாட்டார். ஒவ்வொரு தலைமுறையாகக் கலப்பு செய்து, வயலில் முட்டிக்கால் சேற்றில் நின்று தேர்ந்தெடுத்த ஆட்களுக்கு இந்த மேற்கோள் எல்லாம் எந்தக் கட்டத்திலும் வராது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2012-ல் பிரான்சில் ஒரு குழு, மரபணு மாற்றிய மக்காச்சோளம் தின்ற எலிகளுக்குக் கட்டிகள் வந்தன என்று எழுதியது. ஒப்பிட்ட ஒவ்வொரு எலிக் கூட்டத்திலும் பத்து எலிகள்தான் இருந்தன, அந்த எலி இனத்துக்கு வயதானால் தானாகவே கட்டி வரும் என்று விமர்சனம் கிளம்பி, 2013 நவம்பரில் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அடுத்த வருடம் வேறொரு இதழ் அதை மறுபடி வெளியிட்டது. நூற்றுக்கணக்கான மேற்கோள், அதில் கணிசமானவை அதை மறுப்பவை. வக்கீல்களின் அந்தக் குறி இருந்திருந்தால் இங்கே உபயோகப்பட்டிருக்கும்.

இப்போதெல்லாம் கல்லூரி வாசலில் "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்" என்று ஃப்ளெக்ஸ் பார்க்கலாம். அது விருது இல்லை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் அயோனிடிஸும் கூட்டாளிகளும் ஸ்கோபஸ் தரவை வைத்துப் போடும் அட்டவணை. 174 உட்பிரிவு, தாவரவியல் ஒன்று, உணவு அறிவியல் இன்னொன்று. நல்லது என்னவென்றால் தற்புகழ் மேற்கோளைக் கழித்துவிட்டும் ஒரு கணக்குத் தருகிறார்கள், யாருடைய எண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது சுவாரசியமான பொழுதுபோக்கு. கிளாரிவேட்டும் தனியாக ஒரு பட்டியல் போடுகிறது. 2023-ல் மேற்கோளில் தில்லுமுல்லு சந்தேகத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அதிலிருந்து தள்ளி வைத்தார்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை, இனிஷியல். வெளிநாட்டு இதழ்கள் குடும்பப்பெயர் கேட்கும், நமக்கு அது கிடையாது. லட்சுமி ஒரு கட்டுரையில் ஆர். லட்சுமி, இன்னொன்றில் லட்சுமி ராமசாமி, மூன்றாவதில் அப்பா பெயர் முன்னுக்கு வந்து எல். ராமசாமி ஆகிவிடுவார், கல்யாணமாகி இனிஷியல் மாறினால் நான்காவது ஆள். கணினிக்கு இவர்கள் நான்கு பேர், மேற்கோள் நாலாகப் பிரியும். அல்லது ஊரில் இருக்கிற ஆர். லட்சுமிகள் எல்லாரும் ஒரே பக்கத்தில் குடியேறி, தாவரவியலாளர் பக்கத்தில் பல் மருத்துவக் கட்டுரை உட்கார்ந்திருக்கும். 2012-ல் வந்த ஆர்கிட் என்ற 16 இலக்க எண் இதற்குத்தான், முதல் கட்டுரை அனுப்பும் முன்பே இலவசமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், எல்லாக் கட்டுரையிலும் ஒரே மாதிரி பெயரை எழுதுங்கள்.

இனி அந்த முருங்கைப் பேராசிரியையின் பக்கத்துக்குத் திரும்பிப் போவோம். 279-ஐப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது, அந்த 140 எங்கிருந்து வந்தது? சொடுக்கிப் பார்த்தால் பன்னிரண்டு பேர் சேர்ந்து எழுதிய ரிவ்யூ, இவர் பெயர் ஏழாவது என்று இருக்கலாம், மேற்கோளை யாரும் பங்கு பிரிப்பதில்லை, பன்னிரண்டு பேர் பக்கத்திலும் முழு 140 ஏறும். 62 வாங்கியது ஒரு செய்முறை. அந்த ஒன்பது வாங்கிய கட்டுரையில் இவர் பெயர் முதலில் இருக்கிறது. முருங்கைக்கீரையை வேகவைத்தால் அதன் இரும்புச்சத்தில் உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்திருக்கிறார், பாத்திரத்துக்கு மூடி போட்டும் போடாமலும். ஸ்காலரில் அந்த 9-ஐச் சொடுக்கினால் ஒன்பது கட்டுரையும் வரிசையாக விரியும். ஒவ்வொன்றிலும் இவர் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று தேடிப் பார்க்கலாம்: முன்னுரையில் பத்தோடு பதினொன்றாகவா, அல்லது முடிவுகளை விவாதிக்கும் இடத்தில் "எங்களுக்கும் இதே எண்தான் வந்தது" என்றா. ஒன்பதுதானே, ஒரு மத்தியானம் போதும்.